கடலுக்கு அந்தப் பக்கத்துப் புகை



போன மாதம் ஒரு தாயார் எழுதியிருந்தார். "சார், புகைமூட்டம் வந்தா முதல்ல பள்ளிக்கூடத்தைத்தான் மூடுறீங்க. எங்களுக்கு வேலை இருக்கு. பிள்ளையை யாருகிட்ட விட்டுட்டுப் போறது? வீட்டுக்குள்ளயே வச்சிருங்கன்னு கடுதாசி அனுப்புறீங்க. எங்க லயத்து வீட்டுல சுவருக்கும் கூரைக்கும் நடுவுல பூனை நுழையிற அளவுக்கு இடைவெளி. உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன?"

இந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். பதிலை உடனே எழுத வரவில்லை. கேள்வி என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறது. பதில் சொல்ல வேண்டுமானால் 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்குப் போக வேண்டும்.

அப்போது நான் மூவாருக்கும் தங்காக்குக்கும் இடையில் ஒரு தோட்டத்துப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாத சிறு பள்ளி. திடலின் ஒரு கோடியில் நின்றால் மறு கோடியில் செம்பனை ஆலையின் புகைபோக்கி தெரியும். அந்த வாரம் புகைபோக்கி காணாமற்போனது. பிறகு கோல் கம்பங்கள் காணாமற்போயின. பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நான்கு வரிக் கடிதம் ஒன்றை அச்சடித்துப் பிள்ளைகளின் பையில் வைத்து அனுப்பினேன். ஜன்னலைச் சாத்துங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், வெளியே விளையாட விடாதீர்கள். என் கடமை முடிந்தது என்று பள்ளியைப் பூட்டிவிட்டுக் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை திடலில் கூச்சல். போய்ப் பார்த்தால் எங்கள் பையன்கள் அந்தப் புகைக்குள் பந்து உதைக்கிறார்கள். அதட்டினேன். "சார், இன்னிக்கு ஸ்கூல் லீவு சார்!" என்றான் ஒருவன், நான்தான் ஏதோ மறந்துவிட்டேன் என்பதுபோல. அப்பா பழம் வெட்டப் போய்விட்டார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கப் போய்விட்டார். பிள்ளை எங்கே போவான்? பள்ளி திறந்திருந்தால் நான்கு சுவருக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பான். மூடியதால் ஓடியாடி மூச்சு வாங்கி இரண்டு மடங்கு புகையை உள்ளே இழுத்தான். பட்டணத்துப் பிள்ளைக்கு ஏற்ற உத்தரவு தோட்டத்துப் பிள்ளைக்கு இப்படித்தான் ஆகிறது.

23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746. மூவார் மாவட்டத்திலும், அப்போது லேடாங் என்று பெயர் இருந்த இன்றைய தங்காக் மாவட்டத்திலும் அவசரகாலம் அறிவித்தார்கள். 300-ஐத் தாண்டினாலே அபாயம் என்பது அளவு. 500-ஐத் தாண்டினால் அவசரகாலம். எங்களுக்கு 746.

அதற்கு முந்தின இரவு இரண்டாம் ஆண்டில் படித்த ஒரு சிறுமிக்கு இரைப்பு வந்தது. வகுப்பிலேயே மழைக்காலத்தில் நெஞ்சில் விசில் கேட்கும் பிள்ளை. எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கும் அதே நான்கு வரிக் கடிதம்தான். இரவு பத்து மணிக்கு அவள் அப்பா என் கதவைத் தட்டினார். தோட்டத்து வேன் இருந்தது, சாவி இல்லை. சாவி வைத்திருந்தவர், காலையில் பார்க்கலாம் என்றார். பிள்ளையின் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. காய்கறி லாரி வைத்திருந்த பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் ஒருவர், கேட்ட அடுத்த நிமிடம் வண்டியை எடுத்தார். விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாத சடக்கில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பம்ப் எங்கே?" பம்ப் வீட்டில் சாமி மேடைக்கு மேலே, வாங்கின பெட்டியோடு இருந்தது. "அடிக்கடி குடுத்தா அதுக்கே பழகிரும்னு எடுத்து வச்சேன் தம்பி" என்று பாட்டி பிறகு அழுதார். பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். பம்ப் பழக்கப்படுத்தாது என்று அந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை, நான் உட்பட. சிறுமி இரண்டு நாளில் வீடு திரும்பினாள்.

இனி இந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

மலாக்காவில் கப்பல் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சுமத்ராவின் டுமாய்க்குப் போய்விடலாம். போர்ட்டிக்சன் பக்கத்தில் நீரிணை இன்னும் குறுகி ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். நடுக்கடலில் நாட்டு எல்லை. மனிதர் தாண்டினால் கடப்பிதழ் கேட்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வீசும். அந்த மாதங்களில்தான் அங்கே காடு காயும்.

எரிவது வெறும் காடு என்றால் இவ்வளவு துன்பம் இல்லை. அங்கே எரிவது மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சதுப்பு நீரில் விழுந்து மக்காமல் கிடக்கும் இலையும் வேரும் மரமும் சேர்ந்த கரிமண். சில இடங்களில் பத்து மீட்டர் ஆழத்துக்கும் மேல் இருக்கும். நீரில் ஊறிக் கிடக்கும்வரை அது எரியாது. செம்பனையோ தாள்கூழ் மரமோ நட வேண்டுமென்று கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், அந்த மண்ணே விறகாகிவிடுகிறது. மேலே தீ அணைந்தாற்போல் இருக்கும், அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டு போகும். வாளித் தண்ணீருக்கும் விமானத் தண்ணீருக்கும் அது அடங்காது. பெருமழை வர வேண்டும். விறகு அடுப்பில் ஈர விறகைத் தள்ளினால் எப்படி இருக்கும் என்று நம் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீ குறைவு, புகை அதிகம். ஊர் அளவுக்கு ஓர் ஈர விறகு அடுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எதற்காகக் கொளுத்துகிறார்கள்? இயந்திரம் வைத்துத் துப்புரவு செய்வதைவிடத் தீக்குச்சி மலிவு. கரிமண் புளிப்பு மண், சாம்பல் அந்தப் புளிப்பைக் குறைக்கும். சிறு விவசாயியும் கொளுத்துகிறான், பெரிய நிறுவனங்களின் நிலத்திலும் எரிகிறது. அந்த நிறுவனங்களில் மலேசிய, சிங்கப்பூர் முதலீடும் உண்டு. ஆகவே புகை முழுவதும் அந்நியப் புகை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. கொஞ்சம் நம்மவர் பணமும் அதில் எரிகிறது.

நாமும் ஒரு காலத்தில் கொளுத்தியவர்கள்தாம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்து மறுநடவுக்காகத் தீ வைப்பார்கள். இரவெல்லாம் மலை முழுக்கச் சிவப்பாகத் தெரியும். தணலில் மரவள்ளிக்கிழங்கு சுட்டுத் தின்ற சுகம் இன்றும் நாக்கில் இருக்கிறது. பிறகு தோட்டங்கள் எரிக்காத முறைக்கு மாறின. பழைய மரத்தைச் சாய்த்து, துண்டு துண்டாகச் சீவி, வரிசைக்கு நடுவில் அடுக்கி மக்க விடுகிறார்கள். மண்ணுக்கு அது உரம். ஆனால் மக்குகிற தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். அதற்குத் தனிச் செலவு. எரிக்காமல் இருப்பதற்கும் காசு வேண்டும் என்பதை நம் கங்காணிமார்கள் நன்றாக அறிவார்கள். காசில்லாத சிறு விவசாயியிடம் கொளுத்தாதே என்று மட்டும் சொன்னால் அவன் என்ன செய்வான்?

எங்கள் லயத்தின் கடைசி வரிசையில் இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ரியாவ் பக்கத்துக்காரர். அபாங் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை கடையடியில் யாரோ கோபத்தில், "உங்க ஊர்க்காரன் கொளுத்துறான், நாங்க இருமிச் சாகுறோம்" என்று மலாயில் சொல்லிவிட்டார். அபாங் மறுமொழி பேசவில்லை. கைத்தொலைபேசியில் ஊருக்கு அழைத்து, ஒலியைக் கூட்டி, மேசை மேல் வைத்தார். அவருடைய அம்மா பேச ஆரம்பித்தார். பேச்சைவிட இருமல்தான் அதிகம் கேட்டது. "இங்கே ஒரு வாரம். அங்கே தீ எரிகிற வரைக்கும்" என்றார் அபாங். சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு தேநீர் வாங்கி அவர் முன்னால் வைத்தார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு 2015-இல் முழுமையாகப் புரிந்தது. அந்த ஆண்டு எல் நினோ வறட்சி. இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டர் எரிந்ததாக உலக வங்கி கணக்கிட்டது. மத்தியக் கலிமந்தானின் பாலங்காராயாவில் குறியீடு 1,000-ஐத் தாண்டியது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மூச்சுக்குழாய்த் தொற்று என்றது அந்நாட்டு அரசு. குழந்தைகளை ஏற்றிச் செல்லப் போர்க்கப்பல்களைத் தயாராக நிறுத்தினார்கள். நம் 746-க்கே அவசரகாலம் என்றால் அங்கே அதற்கு என்ன பெயர்?

புகைமூட்டம் புதிதும் அல்ல. 1997 செப்டம்பரில் சரவாக்கில் அவசரகாலம், கூச்சிங்கில் குறியீடு 800-க்கும் மேல். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரகாலம். 2019 செப்டம்பரில் நாடெங்கும் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன.

தலைவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 2002 ஜூன் 10-ஆம் தேதி கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் எல்லை தாண்டும் புகைமூட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2003-இல் அது நடப்புக்கு வந்தது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்றது 2014 செப்டம்பரில். புகை வருகிற நாடு வந்து சேர 12 ஆண்டு. ஒருவர் உள்நாட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடக் கூடாது என்பது ஆசியான் மரபு. தண்டனை என்று ஒன்றும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. 2013-இல் அதிபர் சுசிலோ பம்பாங் யுதோயோனோ மலேசியாவிடமும் சிங்கப்பூரிடமும் மன்னிப்புக் கேட்டார். அது பெரிய மனது. 2015-இல் துணையதிபர் யூசுப் கல்லா, பதினொரு மாதம் நல்ல காற்றை அனுபவித்தவர்கள் நன்றி சொன்னதில்லையே என்ற பொருளில் பேசினார். எனக்கு அதைப் படித்தபோது கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அதில் பாதி நியாயம் இருப்பதாகவும் பட்டது. அவருடைய காட்டுக்காக நாம் என்ன செலவு செய்தோம்? சிங்கப்பூர் மட்டும் 2014-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: வெளிநாட்டில் கொளுத்தினாலும், புகை சிங்கப்பூருக்கு வந்தால் அந்த நிறுவனத்தைத் தண்டிக்கலாம். 2016-இல் இந்தோனேசியா கரிமண் நிலத்தைச் சீராக்குவதற்கென்றே ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. வெட்டிய கால்வாய்களை அடைத்து மண்ணை மறுபடியும் நனைப்பது அதன் முக்கிய வேலை. என் சிற்றறிவுக்கு, கையெழுத்துகளைவிட இந்தக் கால்வாய் அடைப்புதான் உருப்படியான மருந்து என்று தோன்றுகிறது.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். நான் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியன், டாக்டர் அல்லன். டாக்டர்களிடம் கேட்டும் பட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

புகையில் நம்மைக் கெடுப்பது கண்ணை எரிக்கிற பெரிய தூள் அல்ல. அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். 2.5 மைக்ரோனுக்கும் சிறிய நுண்தூள், தலைமுடியின் தடிமனில் இருபது முப்பதில் ஒரு பங்கு, நுரையீரலின் கடைசி அறைவரை போகும். அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் இரைப்பு நோயாளி மட்டுமல்ல, நெஞ்சுவலிக்காரரும் புகைமூட்ட நாளில் படுக்கிறார். குழந்தைக்கு நுரையீரல் இன்னும் வளர்கிற பருவம். உடல் எடைக்குப் பார்த்தால் அது நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது.

வீட்டுக்குள் இருந்தால் என்ன என்று கேட்டீர்கள், அம்மா. நீங்கள் சொல்வது சரி. கூரை இடைவெளி உள்ள வீட்டில் ஜன்னலைச் சாத்துவதால் மட்டும் பயன் குறைவு. வீடு முழுவதையும் காக்க முடியாது, ஓர் அறையைக் காக்கலாம். உள்ளதில் சிறிய அறையைத் தேர்ந்தெடுத்து, சுவருக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளியைப் பழைய துணியாலும் அட்டையாலும் அடைத்து, கதவடியில் ஈரத் துணி போடுங்கள். பிள்ளை அங்கே தூங்கட்டும். அறை புழுங்கினால் மூச்சு முட்ட விடாதீர்கள், வெளியே புகை கொஞ்சம் குறைகிற நேரம் பார்த்துத் திறந்துவிடுங்கள். அந்த நாள்களில் வீட்டுக்குள் கொசுவர்த்தி வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியைப் புகை போகும்வரை தள்ளி வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. ஆண்கள் சிகரெட்டை லயத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும். துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூள் மறுபடியும் எழும். ஈரத் துணியால் துடையுங்கள். வீட்டுக் குப்பையைக் கொளுத்துவது சட்டப்படியும் குற்றம். திறந்த வெளியில் எரிப்பதற்கு 5 லட்சம் வெள்ளி வரை இருந்த அபராதம் 2024 திருத்தத்தில் 10 லட்சம் வெள்ளி வரை உயர்ந்துவிட்டது.

முகக்கவசம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கோவிட் காலத்தில் வாங்கிய நீலக் கவசம் பெட்டி பெட்டியாக எல்லார் வீட்டிலும் கிடக்கிறது. நுண்தூளுக்கு அது போதாது, ஓரத்தில் காற்று நுழையும். ஈரத் துண்டை மூக்கில் கட்டுவதும் அப்படித்தான். என்95 கவசம் முகத்தோடு ஒட்டினால் காக்கும். சின்னப் பிள்ளைகள் முகத்துக்கு அது ஒட்டாது. ஆகவே பிள்ளைக்குக் கவசத்தைவிட அறைதான் காப்பு.

இரைப்புள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் நீல நிறப் பம்ப் சாமி மேடையில் இருக்கக் கூடாது, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். அது சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். பழக்கமாகிவிடாது. தினமும் எடுக்கச் சொல்லிக் கொடுத்த இன்னொரு பம்ப் இருந்தால், பிள்ளை நன்றாக இருக்கிறாளே என்று அதை நிறுத்தக் கூடாது. அவள் நன்றாக இருப்பதே அதனால்தான். ஜூன் பிறக்கும் முன் பம்பில் மருந்து இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்து வையுங்கள். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி மார்பைப் பாருங்கள். மூச்சிழுக்கையில் விலா நடுவே தோல் உள்ளே போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேசவோ பால் குடிக்கவோ முடியாமல் திணறினாலோ விடியட்டும் என்று காத்திராதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 50 முறைக்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை 40 முறைக்கு மேல் மூச்சு விட்டால் அது வேக மூச்சு, கிளினிக்குக்குப் போக வேண்டும். இரவில் யார் வண்டி எடுப்பார் என்பதைப் பகலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழம் வெட்டுகிறவர் நெஞ்சு அடைக்க உழைக்கிறவர், உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை இழுப்பவர். குறியீடு கூடினால் பெரட்டிலேயே பேச வேண்டும். வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ள திருத்தம் ஒன்று இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஆபத்தை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. சாதாரண மங்கல் நாளுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 746 போன்ற நாளுக்குப் பேசலாம். தனியாளாகப் போகாமல் சங்கத்துப் பொறுப்பாளரையும் அழைத்துப் போங்கள்.

பள்ளி விஷயம். குறியீடு 100-ஐ எட்டினால் திடல் நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200-ஐ எட்டினால் பள்ளியை மூட வேண்டும் என்பது அமைச்சு சொல்லியிருக்கும் அளவு. அதை நான் மீற முடியாது. ஆனால் மூடுவதற்கு முந்தின நாள் பெற்றோர் சங்கத்தைக் கூட்டி, யார் வீட்டுப் பிள்ளை பகலில் தனியாக இருக்கும், எந்த வீட்டு அறை அடைப்பானது, எந்தப் பாட்டி வீட்டில் நான்கு பிள்ளைகள் இருக்கலாம் என்று பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். 2015-இல் நாங்கள் அதைச் செய்தோம். எட்டு வீடுகள் முன்வந்தன. ஒரு வீட்டில் பிள்ளைகள் சண்டை போட்டு மீன்தொட்டியை உடைத்தார்கள் என்பதைத் தவிர வேறு புகார் இல்லை.

அந்தச் சிறுமி இப்போது வளர்ந்து ஜொகூர் பாருவில் வேலை செய்கிறாள். கைப்பையில் பம்ப் வைத்திருக்கிறாள். அபாங் 2017-இல் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். போன வருடம் ஹரிராயாவுக்கு அழைத்துப் பேசினேன். அவர் கிராமத்துக்குப் பக்கத்துக் கால்வாயைப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்களாம். தண்ணீர் நிற்கிறதாம். "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன். இருமல் இன்னும் விடவில்லை என்றார்.

கடிதம் எழுதிய தாயார், உங்கள் பிள்ளைக்கு எந்தப் பம்ப் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதவில்லை. பெட்டியின் மேலுள்ள பெயரை எழுதி அனுப்புங்கள். டாக்டரிடம் கேட்டு அடுத்த இதழில் பதில் போடுகிறேன்.